மருதம்பட்டைக் கஷாயம்: நான் போடுற முறை

மருதம்பட்டையைப் பொடியா வாங்காதீங்க, பட்டையாவே வாங்குங்க. வெளிப்புறம் வெளிர் சாம்பல், உடைச்சா உள்ளே இளஞ்சிவப்பு. ஒண்ணுரெண்டா இடிச்சு, ஒரு ஸ்பூன் தூளை 2 டம்ளர் தண்ணியில போட்டு, சிறுதீயில ஒரு டம்ளரா வத்துற வரைக்கும் விடுவேன். வடிகட்டிச் சூடாவே குடிச்சிடுவேன்.

இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம். ஒருதடவை அவசரத்துல அதுல வச்சேன், கஷாயம் பேனா மை மாதிரி கறுத்துப்போச்சு. பட்டையில இருக்கிற டானின்ங்கிற வேதிப்பொருள் இரும்போட சேர்ந்து பண்ணின வேலை. நாக்கைப் பிடிச்சு இழுக்கிற துவர்ப்பும் அதே டானின்தான். அர்ஜுனோலிக் அமிலம், ஃபிளேவனாய்டுகள்னு வேற சில தாவரப் பொருட்களும் இதுல உண்டு. சித்த, ஆயுர்வேத வைத்தியத்துல இதயத்துக்குன்னே பேர்போன பட்டை.

பிரஷர் மாத்திரையோ, ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்காம தொடாதீங்க. மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடிக்கிறது அதைவிட மோசம். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம்.