கிட்டார் கழுத்துக்குக் கார்பன் ராட்: பலர் சறுக்கும் இடங்கள்

எஃகுத் தந்தி பூட்டிய அக்குஸ்டிக் கிட்டாரைச் சுருதி சேர்த்து வைத்தால், ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமான விசையில் கழுத்தை இரவு பகலாக இழுத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நல்ல மரமானாலும் வருடங்கள் போகப் போகக் கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் செய்யும். அதனால்தான் புதுக் கழுத்து செய்பவர்கள் ஃபிரெட்போர்டுக்கு (விரல் அழுத்தி வாசிக்கும் பலகைக்கு) அடியில் காடி எடுத்து, இரண்டு கார்பன் ஃபைபர் ராடுகளைப் பதிக்கிறார்கள். எஃகின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் மேப்பிள் மரத்தைவிட ஏறக்குறைய பத்து மடங்கு விறைப்பு.

இந்த விறைப்பை மருந்து என்று நினைத்துவிடுவதுதான் முதல் தவறு. ஏற்கெனவே வளைந்த, முறுக்கிய கழுத்தில் ராடை ஒட்டினால் நிமிர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். நிமிராது. பசை இறுகும் நேரத்தில் கழுத்து எந்த வடிவில் இருந்ததோ, ராட் அதையே பிடித்து வைக்கும். முறுக்கோடு ஒட்டினால் முறுக்கு நிரந்தரம். ஆகவே மரத்தை நன்றாகக் காயவைத்து, மேற்பரப்பை இழைத்து மட்டமாக்கி, நேரான சட்டத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் காடியே எடுக்க வேண்டும். ஒட்டும்போதும் கழுத்தைக் கோணல் இல்லாத கட்டையோடு சேர்த்துக் கிளாம்ப் போட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிய சாதாரண கிட்டாரின் ஃபிரெட்போர்டைச் சூடு காட்டிப் பெயர்த்து, ராட் பதித்து, திரும்ப ஒட்டுவது என் கணக்கில் வீண் வேலை. அந்தக் கிட்டாருக்கு டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும், முறுக்கிச் சரிசெய்யக்கூடிய உலோகக் கம்பியை) சரிசெய்து, ஃபிரெட்டுகளை (பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளை) மட்டப்படுத்தினாலே பெரும்பாலும் போதும்.

அடுத்தது, “கார்பன் இருக்கிறதே, டிரஸ் ராட் எதற்கு?” என்ற கேள்வி. அதிர்கிற தந்திக்கு இடம் வேண்டுமென்பதால் கழுத்து துளி குழிந்திருக்க வேண்டும். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் பக்கம் 0.2 மி.மீ. வாக்கில். இதைத்தான் ரிலீஃப் என்கிறோம். கழுத்து மிகவும் விறைப்பாகிவிட்டால், மெல்லிய எலக்ட்ரிக் தந்திகளால் அந்தக் குழிவை உண்டாக்க முடியாமல் போகலாம். அப்போது ஒருபக்கம் மட்டும் வேலை செய்யும் பழைய பாணி டிரஸ் ராட் கைகொடுக்காது. அதற்குக் கழுத்தைப் பின்னால் இழுக்கத்தான் தெரியும். முன்னால் தள்ளத் தெரியாது. கார்பன் போடுவதென்றால் இரு திசையிலும் வேலை செய்யும் டிரஸ் ராடை வாங்குங்கள். 1970-களின் பிற்பகுதியில் முழுக்க கார்பனிலேயே பேஸ் கிட்டார் கழுத்து செய்யத் தொடங்கிய மாடுலஸ் நிறுவனமும் ஆரம்பத்தில் டிரஸ் ராட் இல்லாமல்தான் செய்தது. பின்னாளில் ரிலீஃபைச் சரிசெய்யும் அமைப்பை அவர்களே உள்ளே வைத்தார்கள்.

காடி எடுக்கும் வேலையில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பட்டை ராட் சுமார் 3 மி.மீ. அகலம், 9.5 மி.மீ. உயரம். இதைச் செங்குத்தாக நிறுத்திப் பதிக்க வேண்டும். ஆழமான காடி எடுக்கச் சோம்பல்பட்டுப் படுக்கைவசத்தில் பதித்தால், அதே ராடின் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காசு அதே காசு, பலன் மட்டும் போச்சு.

சரி, செங்குத்தாகவே வைத்தாயிற்று. இப்போது கழுத்தின் முதுகு பக்கத்தை நினைத்துப் பாருங்கள். நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) அருகே ஃபிரெட்போர்டோடு சேர்த்து 21 மி.மீ. கனம் என்றால், அடியில் மரம் நடுவில் 15 மி.மீ. கார்பன் ராட் நடுவில் இருக்காது. அங்கே டிரஸ் ராட் உட்கார்ந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு மி.மீ. தள்ளிப் போனால் முதுகு வளைந்து, மரத்தின் கனம் 12 மி.மீ. சொச்சம்தான். காடிக்கு அடியில் மிஞ்சுவது 3 மி.மீ. இதையே 19 மி.மீ. கனமுள்ள மெலிந்த கழுத்தில் செய்தால் ஒரு மி.மீ. கூடத் தேறுவது சந்தேகம். கடைசியாக முதுகை அரத்தால் ராவி உருட்டும்போது, மரத்துக்குள்ளிருந்து மெல்லிய கறுப்புக் கோடு எட்டிப் பார்க்கும். அதன்பிறகு அந்தக் கழுத்தைக் காப்பாற்ற வழி கிடையாது. முதலில் கழுத்தின் குறுக்குவெட்டை உண்மை அளவில் காகிதத்தில் வரைந்து, ராடையும் அதில் வரைந்து பார்த்துவிட்டு ரௌட்டரை (காடி எடுக்கும் மின்கருவியை) தொடுங்கள். மெலிந்த கழுத்தென்றால் 6 மி.மீ. உயர ராடே போதும்.

ராடை நட்டோடு நிறுத்திவிட்டு, ஹெட்ஸ்டாக் (தந்தி முறுக்கும் சாவிகள் இருக்கும் தலைப்பகுதி) இனி உடையாது என்று நினைப்பதும் சரியல்ல. பின்னோக்கிச் சாய்ந்த ஹெட்ஸ்டாக் முறிவது நட்டைத் தாண்டிய ஓரிரு அங்குலத்தில். அங்கே மரத்தின் ரேகை குறுக்கே ஓடுகிறது, டிரஸ் ராடைத் திருகும் மரைநட்டுக்காகக் குழியும் தோண்டியிருக்கும். ராடை இரண்டு மூன்று செ.மீ. அந்தப் பக்கம் நீட்டி, மேல்விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து, வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டி மூடினால்தான் ஓரளவு பயன்.

பசைக்கு வருவோம். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. கார்பன் அதை உறிஞ்சாது, மரமோ உறிஞ்சி உப்பும். மெதுவாக இறுகும் எபாக்சிதான் சரி. ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம்: நீளமான காடியில் ராடை அமுக்கி முடிப்பதற்குள் கெட்டியாகிவிடும். ராடின் வழவழப்பான மேற்பரப்பை 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த பிறகு ஒட்டுங்கள். காடி ராடைவிட நூலளவு அகலமாக இருக்கட்டும். சுத்தியலால் தட்டி இறக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் பசை முழுக்க மேலே வழிந்துவிடும். வழிகிற எபாக்சி டிரஸ் ராடின் காடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரஸ் ராடைக் கடைசியாக வைப்பது உத்தமம்.

ஒட்டி முடித்ததும் மரத்துக்கு மேலே துருத்தும் ராடை இழைப்புளியால் சீவப் போகாதீர்கள். இழைப்புளியின் பிளேடு மழுங்கும். காடியை அரை மி.மீ. கூடுதலாக ஆழப்படுத்தியிருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

வாங்கும்போது ஒரு சோதனை: ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கும் பொம்மை) விமானப் பொருள் விற்கும் கடையில் கறுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடி இழை ராடும் கிடைக்கும். இரு முனைகளையும் சுரண்டிவிட்டு மல்டிமீட்டரை வையுங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. இதே காரணத்தால் அறுக்கும்போது பறக்கும் தூள் மின்கருவிகளுக்குள் புகுந்தால் ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு. வெட்டுமிடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, தண்ணீர் தொட்டு, மெல்லிய பல் கொண்ட ஆக்ஸா பிளேடால் அறுங்கள். என்95 மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். வெட்டிய முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிம்புகள் விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.