பவளத் தொட்டியும் பரபரக்கும் கையும்

என் முதல் அக்ரோபோரா பவளத்தை நானேதான் கொன்றேன். ஒரு சனிக்கிழமை இரவு தொட்டித் தண்ணீரின் காரத்தன்மையைச் சோதித்தேன். 7 டிகேஎச் காட்டியது (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவுதான் காரத்தன்மை; டிகேஎச் அதன் அலகு). கடையில் "ஒன்பதுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிடுகிடுவென்று வளரும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காரத்தன்மையை ஏற்றும் பஃபர் பொடியைக் கரைத்து ஊற்றினேன். மறுபடி சோதிக்கப் பொறுமையில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கரண்டி. காலையில் பார்த்தால் 11. கிளை நுனிகளெல்லாம் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெளுத்திருந்தன. மூன்றாம் நாள் அடியிலிருந்து சதை, வெந்த தக்காளியின் தோலைப் போல உரிந்து தண்ணீரில் மிதந்தது. இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மையே ஏறக்குறைய 7தான் என்பதை அப்புறம்தான் படித்தேன்.

பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். காரத்தன்மை 7.5 இருந்தாலும் பவளம் வாழும், 10 இருந்தாலும் வாழும். இன்றைக்கு 7.5, நாளைக்கு 10 என்றால்தான் தாங்காது. ஏற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு 1 டிகேஎச் உச்சவரம்பு. நான் அரைக்கு மேல் போவதில்லை. கணக்கு எளிது: 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற, 3 கிராம் சமையல் சோடா போதும். ஆப்பத்துக்குப் போடும் அதே சோடாதான், ஆனால் பேக்கிங் பவுடர் ஆகாது. தொட்டியின் அட்டையில் 200 லிட்டர் என்று போட்டிருக்கும். கல்லும் மணலும் போக உள்ளே 160 லிட்டர்தான் இருக்கலாம். 200க்குக் கணக்குப் போட்டு ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும்.

கால்சியத்தை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. பவளம் எலும்புக்கூடு கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் ஜோடியாகத்தான் எடுக்கிறது. ஆனால் கடல்நீரில் கால்சியம் குதிர் நிறைய இருக்கிறது, சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு). காரத்தன்மையோ சுருக்குப்பைக் காசு. காரத்தன்மை 8லிருந்து 5க்கு விழுந்து பவளம் பட்டினி கிடக்கும்போதுகூட, கால்சியம் 20 பிபிஎம்தான் குறைந்திருக்கும். வீட்டுச் சோதனைக் கிட்டில் அது ஒரு சொட்டு வித்தியாசம். வாரத்தில் இரண்டு முறை பார்க்க வேண்டியது காரத்தன்மை. கால்சியத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

இரண்டையும் ஏற்றும் கரைசல்களை அடுத்தடுத்து ஒரே இடத்தில் ஊற்றினால் தண்ணீர் பால் போலக் கலங்கும். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியம், கார்பனேட்டாகி அடியில் படிகிறது. பம்பின் சுழலியிலும் ஹீட்டரிலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. ஒன்றை ஊற்றி, நல்ல ஓட்டத்தில் கலக்கவிட்டு, அரை மணி நேரம் கழித்து மற்றதை ஊற்றுங்கள். எவ்வளவு ஊற்றினாலும் இரண்டும் நிற்கவில்லையா, மெக்னீசியத்தைப் பாருங்கள். அது 1300 பிபிஎம் அளவில் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து படிந்துகொண்டே இருக்கும்.

பிஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், அந்த விஷயத்துக்கு வருவோம். நான் இருப்பது சிங்கப்பூரில் ஒரு வீவக வீடு, அரசு கட்டிய அடுக்குமாடி. ஏர்கான் போட்டுச் சன்னலை அடைத்து நான்கு பேர் தூங்கினால் அறைக்குள் கரியமில வாயு ஏறும், அது தண்ணீரில் கரையும், விடியற்காலையில் பிஎச் 7.8க்கு இறங்கும். விளக்கு எரிந்து பாசி வேலை செய்தால் சாயங்காலம் தானாகவே 8.2க்கு வரும். இதைப் பார்த்துப் பதறி பிஎச் ஏற்றும் பொடியைப் போட்டால், பிஎச் ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். ஏறிய காரத்தன்மை மட்டும் தங்கிவிடும். நான் செய்த கூத்துதான், வேறு வாசல் வழியாக. முதலில் ஒரு கோப்பை தொட்டித் தண்ணீரைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் காற்றுக் குமிழ் விடுங்கள். பிஎச் ஏறினால் தண்ணீரில் குறையில்லை, சன்னலைத் திறந்தால் போதும். அப்படியும் போதாதவர்களுக்குச் சுண்ணாம்புத் தெளிவு இருக்கிறது; ஜெர்மன் பெயரான கால்க்வாசர் என்று கேட்டால் கடையில் கிடைக்கும். அதன் பிஎச் 12க்கு மேல், எனவே சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் கை வைக்காதீர்கள்.

செத்த பவளத் துண்டுகளைத் தொட்டியில் போட்டால் பிஎச் தானாக நிற்கும் என்று ஊரிலிருந்து ஒரு நண்பர் சொன்னார், ராமேஸ்வரம் கரையில் பொறுக்கி வரட்டுமா என்றும் கேட்டார். பிஎச் 8 உள்ள நீரில் அந்தக் கல் கரையவே கரையாது. பவளக் கல்லைக் கரைத்துத் தொட்டிக்குக் கால்சியம் தரும் கால்சியம் ரியாக்டர் என்ற கருவியில் கரியமில வாயுவைச் செலுத்தி பிஎச்சை 6.5 அளவுக்கு இறக்குவதே அதைக் கரைக்கத்தான். போதாக்குறைக்கு, இந்தியாவில் கடினப் பவளங்கள் 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பொறுக்கினால் வழக்கு வரும்.

வெக்கைக்குத் தொட்டியின் மேல் மின்விசிறி வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். 200 லிட்டர் தண்ணீரில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகி, அதை உப்புநீரால் நிரப்பி வந்தால், பத்தே நாளில் உப்புச்சத்து ஆயிரத்துக்கு 35லிருந்து 40க்கு ஏறிவிடும். நிரப்ப வேண்டியது உப்பில்லாத நீர், அதுவும் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்டும் ஆர்ஓ டிஐ நீர், அதாவது ஆர்ஓ சவ்விலும் அயனிகளைப் பிடிக்கும் டிஐ பிசினிலும் வடிகட்டியது. இங்கே குழாய்நீரில் கிருமி கொல்லும் குளோராமின் இருக்கிறது. கரித்துகள் வடிகட்டி அதை உடைத்ததும் அம்மோனியா மிஞ்சும். அதைப் பிடிக்கக் கடைசியில் டிஐ பிசின் வேண்டும். சமையலறை ஆர்ஓவில் பெரும்பாலும் அது கிடையாது. உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யத்துக்குத் திருகினால் மட்டும் போதாது. 35 அளவுக் கரைசலில் சரிபாருங்கள். மலிவான கருவிகள் பூஜ்யத்தில் யோக்கியமாக இருந்துவிட்டு 35ல் பொய் சொல்லும்.

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்குவதில் சிலருக்கு ஒரு பெருமை. அப்படித் துடைத்து வைத்த தொட்டியில்தான் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வரும்: மணல்மேல் மூக்குச்சளி போலப் பழுப்பாக, முத்து முத்தாகக் குமிழோடு. நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 இருக்கட்டும். பவளமும் சாப்பிட வேண்டாமா?

என்றைக்காவது கிட் ஏடாகூடமான எண்ணைக் காட்டினால் உடனே எதையும் ஊற்றாதீர்கள். புதிதாக உப்புநீர் கலந்து அதே கிட்டில் சோதியுங்கள்; அதன் காரத்தன்மை எவ்வளவு வர வேண்டும் என்று உப்பு வாளியின் மேலேயே அச்சிட்டிருக்கும். எனக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் 4 காட்டியது. கரண்டியைக் கையில் எடுத்தேன், அப்புறம் கீழே வைத்துவிட்டு, புதுத் தண்ணீரைச் சோதித்தேன். அதுவும் 4. கிட்டின் மருந்துக் குப்பியைத் திருப்பிப் பார்த்தால், காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.