ஆல்பம் கேக்கும்போது நாம பண்ற சொதப்பல்கள்

முதல்ல என் சொதப்பல சொல்லிடுறேன். இயர்போன்ல ஒரு பக்கம் செத்துப்போச்சுன்னு போன் செட்டிங்ஸ்குள்ள போயி மோனோ ஆடியோவ, அதாவது ரெண்டு காதுக்கும் ஒரே சத்தத்த அனுப்புற செட்டிங்க, ஆன் பண்ணி வச்சேன், அப்புறம் புது ஹெட்போனும் வாங்கிட்டேன், ஆனா அந்த செட்டிங்க ஆஃப் பண்ண மறந்தே போச்சு. மாசக்கணக்கா அப்படியே ஓடிட்டு இருந்துச்சு. அந்த நேரத்துல தான் பிங்க் ஃபிளாய்டுங்கிற ராக் பேண்டோட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) கேட்டுட்டு, இத ஏன்டா எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்கன்னு ஃப்ரெண்டு கிட்ட பெரிய விமர்சகர் மாதிரி பேசினேன் வேற. அதுல 'ஆன் தி ரன்'னு ஒரு டிராக் வரும், யாரோ ஓடுற காலடிச் சத்தம், கூடவே சிந்தசைசர் ஒரு காதுலேர்ந்து இன்னொரு காதுக்கு பாஞ்சுக்கிட்டே இருக்கும். எனக்கு என்னடான்னா மொத்தமும் நடு மண்டையில ஒரே எடத்துல நின்னு கொதிச்சுட்டு இருந்துச்சு.

பேரு வாங்கின ஒரு ஆல்பம் நமக்கு பிடிக்கலன்னா உடனே நம்ம ரசனை வேற போலன்னு நினைச்சுக்குறோம். ஆனா நிறைய தடவ ப்ளே அமுக்குறதுக்கு முன்னாடியே ஏதாவது ஒரு செட்டிங்கோ ஒரு பழக்கமோ அத கெடுத்து வச்சிருக்கும்.

இயர்போன ஆளுக்கு ஒரு பக்கமா மாட்டிக்கிட்டு கேக்குறது இன்னொண்ணு. பாக்க அழகா இருக்கும், ஒத்துக்குறேன். ஆனா பீட்டில்ஸோட 'ரப்பர் சோல்' (1965) ஸ்டீரியோல பெரும்பாலும் குரல் ஒரு பக்கம், வாத்தியம் இன்னொரு பக்கம்னு பிரிச்சு வச்சிருப்பாங்க. ஆக ஒருத்தர் பாட்டு கேப்பார், இன்னொருத்தர் கரோக்கே கேப்பார்.

அதுக்காக ஸ்டீரியோ தான் ஒசத்தின்னும் முடிவு கட்டிடாதீங்க. பீச் பாய்ஸோட 'பெட் சவுண்ட்ஸ்' (1966) மோனோல தான் மிக்ஸ் ஆச்சு, அத உருவாக்குன பிரையன் வில்சனுக்கு ஒரு காது கிட்டத்தட்ட கேக்காமலே இருந்துச்சு. முழு ஸ்டீரியோ மிக்ஸ் 1997ல தான் வந்துச்சு. ரெண்டும் ஆப்ல பக்கத்துல பக்கத்துல இருக்கும், முதல் தடவ கேக்குறவங்க மோனோலயே ஆரம்பிங்க, எல்லா வாத்தியமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே சுவர் மாதிரி வர்றது தான் அவர் வேணும்னு பண்ணது. இப்ப டால்பி அட்மோஸ்னு, சத்தம் நம்மள சுத்தி எல்லா பக்கத்துலேர்ந்தும் வர்ற மாதிரி பண்ற முறை ஒண்ணு வேற, சில ஆப்ல அது தானாவே ஆன் ஆகி பழைய ஆல்பத்துக்கு பதிலா புதுசா மிக்ஸ் பண்ணத பாட விட்டுடும், நாம ஒரிஜினல் கேட்டோம்னு நினைச்சுட்டு இருப்போம்.

சரி, எனக்கு ரொம்ப கடுப்பேத்துற விஷயத்துக்கு வரேன், ஷஃபிள், அதாவது பாட்டு வரிசைய கலைச்சுப் போடுறது. 'கால் ஆஃப் தி வேலி'ன்னு ஒரு ஆல்பம், 1967ல வந்தது, சிவ்குமார் சர்மா சந்தூர் (கம்பிய சின்ன குச்சியால தட்டி வாசிக்கிற வாத்தியம்), ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் கப்ரா கிட்டார். காஷ்மீர்ல ஆடு மேய்க்கிற ஒருத்தனோட ஒரு நாள், அவ்ளோ தான் கதை. விடியக்கால ராகம் அஹிர் பைரவ்ல ஆரம்பிச்சு, பொழுது நகர நகர ராகமும் நகர்ந்து, கடைசியா பஹாடி ராகத்துல வந்து முடியும். இத ஷஃபிள்ல போட்டா அந்த ஆளு ராத்திரி எழுந்து ஆட்ட ஓட்டிட்டு போயி விடியக்காலைல படுத்து தூங்குவான்! பாட்டு ஒவ்வொண்ணும் தனியா நல்லா தான் இருக்கும், ஆனா வெளிச்சம் மெதுவா மாறிட்டே வர்ற அந்த உணர்வு இருக்கு பாருங்க, அது வரிசைக்குள்ள தான் இருக்கு, எந்த ஒரு டிராக்குக்குள்ளயும் இல்ல. 2021ல பாடகி அடெல் கேட்டுக்கிட்டதால ஸ்பாட்டிஃபைல ஆல்பத்த திறந்தா ப்ளே பட்டன் ஷஃபிள்ல போகாம வரிசையா போற மாதிரி மாத்துனாங்க, அது ஒரு நல்ல காரியம். ஆனாலும் முன்னாடி எப்பவோ நீங்க அமுக்கி விட்ட ஷஃபிள் இன்னும் ஆன்லயே இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.

கிராஸ்ஃபேடும் அதே ரகம் தான், ஒரு பாட்டு முடியுறதுக்குள்ள அடுத்தது மேல ஏறி வந்துடும், பார்ட்டிக்கு ஓகே, ஆல்பத்துக்கு விஷம். அத ஆஃப் பண்ணிட்டு கேப்லெஸ்னு (பாட்டுக்கு நடுவுல இடைவெளி விடாத செட்டிங்) இருந்தா அத ஆன் பண்ணுங்க. அப்புறம் ஆட்டோப்ளே. 'டார்க் சைட்' இதயத்துடிப்புல ஆரம்பிச்சு இதயத்துடிப்புலயே முடியுது, அந்த சத்தம் கொறஞ்சு கொறஞ்சு போயி நாமளும் மூச்ச புடிச்சுட்டு உக்காந்திருக்கும்போது ஆப் சம்பந்தமே இல்லாத ஒரு பாட்ட எடுத்து மூஞ்சில அடிக்கும். டீலக்ஸ் எடிஷன்ல இதே வேலைய போனஸ் டிராக் பண்ணும். 'பெட் சவுண்ட்ஸ்' ஒரு ரயில் போற சத்தத்தோடயும் நாய் குலைக்கிற சத்தத்தோடயும் முடியும், அந்த ரயில் போனதுக்கப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமே கேக்கக் கூடாது. ஆனா மறுபடி வெளியிட்ட சில பதிப்புல உடனே போனஸ் டிராக் ஆரம்பிச்சிடும். போனஸ் கேக்குறது தப்பில்ல, இன்னொரு நாள் கேளுங்க.

வால்யூம் விஷயத்துல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. சத்தம் ரொம்ப கம்மியா இருந்தா நம்ம காதுக்கு பேஸ், அதாவது அடியில வர்ற கனமான சத்தம் தான் முதல்ல காணாம போகும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் இத 1933லயே அளந்து சொல்லிட்டாங்க. அதனால கம்மியா வச்சு கேட்டுட்டு பேஸ் வீக்குன்னு ஈக்வலைசர நோண்டாதீங்க, கொஞ்சம் ஏத்துனாலே வந்துடும். அந்தப் பக்கம் டாக் டாக்குங்கிற பேண்டோட 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' (1988) மாதிரி ஆல்பம் ரொம்ப மெதுவா ஆரம்பிக்கும், என்னடா ஒண்ணுமே கேக்கலன்னு நீங்க ஏத்திக்கிட்டே போவீங்க, கொஞ்ச நேரத்துல ஹார்மோனிகா கிழிச்சுக்கிட்டு வரும்போது ஹெட்போன கழட்டி எறியணும் போல இருக்கும். ஆரம்பத்த வச்சு வால்யூம் செட் பண்ணாதீங்க, நடுவுல சத்தமா வர்ற ஒரு எடத்த வச்சு செட் பண்ணிட்டு திரும்ப மொதல்லேர்ந்து போடுங்க. காதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, உலக சுகாதார நிறுவனம் சொல்றது 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், அதுக்கு மேல சத்தம் ஏற ஏற நேரம் மளமளன்னு கொறையும்.

லாஸ்லெஸ் (தரம் கொறைக்காத ஃபைல்), விலை கூடின கேபிள், இதெல்லாம் கடைசி கவலை. அமைதியான ரூம் அதவிட பெருசு.

இன்னொரு தப்பு, இத தப்புன்னு சொன்னா சிலர் சண்டைக்கு வருவாங்க, புதுசா ஒரு ஆல்பத்த பரீட்சை மாதிரி கேக்குறது. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்?' (1986) போட்டா நம்மாளுங்க உடனே இது என்ன ராகம், எங்க ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் வரார்னு க்விஸ் ஆரம்பிச்சிடுவாங்க. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ண ஆல்பம் தான், பாக் வயலினுக்கு எழுதின பார்ட்டிட்டாங்கிற இசைத் தொகுப்பும் உள்ள வருது தான், ஆனா மொத தடவ அத விட்டுடுங்க. வி.எஸ். நரசிம்மனோட வயலின மட்டும் புடிச்சுக்கிட்டு, அது எப்ப தனியா நிக்குது, எப்ப மத்த வயலின் கூட்டத்துக்குள்ள போயி மறையுதுன்னு பின்னாடியே போங்க. வார்த்தை இல்லாததால பல்லவிய தேடி மனசு அலையும், பத்து நிமிஷத்துல அடங்கிடும்.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்கும் (1959) இதே வழி தான். அது எல்லா எடத்துலயும் பின்னணியா ஓடி ஓடி சுவர் பெயின்ட் மாதிரி ஆயிடுச்சு. முதல் டிராக் 'ஸோ வாட்'ல டபுள் பேஸ் வாத்தியம் ஒரு வரி வாசிக்கும், மத்தவங்க ரெண்டே ரெண்டு கார்டுல (பல சுரத்த ஒண்ணா வாசிக்கிறது) பதில் சொல்லுவாங்க, அதுக்கப்புறம் டிரம்பெட் தனியா கிளம்புற அந்த நொடில டிரம்மர் ஜிம்மி காப் சிம்பல்ல ஒரு அடி போடுவார். அந்த அடி எப்படி மெதுவா கரையுதுன்னு மட்டும் ஒரு தடவ கேளுங்க, அப்புறம் இத பின்னணியா ஓட விட மனசு வராது. கொசுறு: ரெக்கார்டிங் மெஷின் ஸ்பீடு கோளாறால முதல் சைடு மூணு டிராக்கும் கொஞ்சம் சுருதி ஏறிப் போயி, 1992ல தான் சரி பண்ணாங்க, அதுவரைக்கும் உலகமே தப்பு சுருதில தான் ரசிச்சுட்டு இருந்துச்சு.

கண்ண மூடிக்கிட்டு எல்லா ஆல்பத்தையும் கேக்கணும்னும் இல்ல. பிரையன் ஈனோவோட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' (1978) கவனிச்சாலும் சரி, கவனிக்காட்டியும் சரின்னே பண்ணது. வேற வேற நீளத்துல டேப் லூப் (முனைய ஒட்டி வளையமாக்கின டேப்) சுத்திக்கிட்டே இருக்கும், அடுத்த சத்தம் எப்ப வரும்னு முறைச்சுப் பாத்துட்டு உக்காந்தா போர் தான் அடிக்கும். அந்த யோசனை அவருக்கு வந்த கதை எனக்கு ரொம்ப பிடிக்கும். 1975ல ஒரு ஆக்சிடென்ட் ஆயி படுக்கைல கிடந்தார், பாக்க வந்த தோழி ஒரு ஹார்ப் ரெக்கார்ட் குடுத்துட்டு போனாங்க, கஷ்டப்பட்டு போட்டுட்டு வந்து படுத்துட்டார். அப்புறம் தான் தெரிஞ்சுது வால்யூம் ரொம்ப கம்மி, ஸ்டீரியோல ஒரு பக்கம் வேலையும் செய்யல. எழுந்து போயி சரி பண்ண தெம்பு இல்ல, அப்படியே கேட்டார், இசை ரூம் வெளிச்சத்தோட மழைச் சத்தத்தோட கலந்து கிடந்துச்சு. அவருக்கு ஒரு பக்கம் செத்ததுல ஒரு புது இசை வகையே கிடைச்சுது. எனக்கு ஒரு பக்கம் செத்ததுல ஃப்ரெண்டுகிட்ட மன்னிப்பு கேக்க வேண்டியதா போச்சு.