ஆற்றுக்கு ஒரு நோட்டு

சேரன்மகாதேவிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல். கார், பிசானம் இரண்டு போகமும் தாமிரபரணியில் பிரியும் கன்னடியன் கால்வாயை நம்பித்தான். தண்ணீர் 'வந்துட்டு', இல்லாவிட்டால் 'வரல'. ஊரில் இவ்வளவுதான் கணக்கு. ஆறு வருஷமாக நான் அதை எண்ணாக எழுதி வைக்கிறேன். நோட்டு, டேப், செல்போன் இருந்தால் நீங்களும் எழுதலாம்.

முதலில் ஆறு. வழக்கமாகப் போகிற படித்துறை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேல்படியில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அதற்கு எத்தனை அடி கீழே இருக்கிறது என்று தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். கீழிருந்து படி எண்ணி நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு வெள்ளம் வந்து மணலைத் தள்ளியதும் கீழ்ப்படி இரண்டைக் காணோம், அதுவரை எழுதிய கணக்கெல்லாம் வீண். திருநெல்வேலிக்காரர்கள் குறுக்குத்துறை முருகன் கோவில் எவ்வளவு மூழ்கியது என்று கேட்டு வெள்ளத்தை மதிப்பிடுகிறார்களே, அதே வேலைதான் இது.

எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அறிய ஆற்றில் இறங்க வேண்டாம், கால்வாயில் பாருங்கள். வளைவோ மதகோ இல்லாமல் நேராக ஓடும் இடத்தில் 50 அடி அளந்து, இரு முனையிலும் குச்சி நடுங்கள். அகலத்தை அளங்கள். பாலத்தில் நின்றபடி மூங்கில் கழியை விட்டு நாலு இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். அப்புறம் ஒரு ஆரஞ்சுப் பழம். முக்கால்வாசி முங்கி மிதப்பதால் காற்று அதை இழுத்துப் போகாது. எலுமிச்சை சில சமயம் மூழ்கிவிடும். தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் தெர்மாகோல் விட்ட கதைதான் நமக்குத் தெரியுமே! முதல் குச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே பழத்தைப் போட்டு, குச்சியைத் தாண்டும்போது செல்போனில் நேரத்தை ஓட விடுங்கள். மூன்று தடவை செய்து சராசரி பாருங்கள்.

போன பிசானத்தில் நான் எடுத்த கணக்கு: அகலம் 20 அடி, ஆழம் 3 அடி, பெருக்கினால் 60 சதுர அடி. பழம் 50 அடியைக் கடக்க 25 விநாடி, அதாவது விநாடிக்கு 2 அடி. மேல்தண்ணீர் வேகமாக ஓடும், அடித்தண்ணீர் தரையில் உரசி மெதுவாகப் போகும், அதனால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். 60 × 2 × 0.85 = 102. விநாடிக்கு 102 கனஅடி. நாள் முழுக்க இப்படியே ஓடினால் 88 லட்சம் கனஅடி. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை.

பேப்பரில் வரும் அணை நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முழுசாக நிரம்பினால் பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. ஆனால் பாபநாசத்தில் 100 அடி இருக்கிறதென்றால் எழுபது சதவீதம் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். அணை கிண்ணம் மாதிரி, மேலே போகப் போக அகலும். மேல் ஓர் அடியில் நிற்கும் தண்ணீர் கீழே பல அடிக்குச் சமம்.

மழைக்கு, பக்கவாட்டு நேராக உள்ள ஒரு டின்னை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, காலை எட்டரைக்கு ஸ்கேலால் அளங்கள். வானிலைத் துறை கணக்கும் எட்டரைக்கு எட்டரைதான். 2023 டிசம்பர் 18 காலை காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் என்றார்களே, அது முந்தைய 24 மணி நேரத்து மழை. அன்று என் 30 சென்டிமீட்டர் டின் ராத்திரியே வழிந்துவிட்டது. நோட்டில் 'டின் பத்தல' என்றுதான் இருக்கிறது.

கடைசியாகக் கிணறு. கயிற்று நுனியில் சின்ன டம்ளரைக் குப்புறக் கட்டி இறக்குங்கள். தண்ணீரைத் தொட்டதும் 'பொளக்' என்று சத்தம் கேட்கும், இருட்டுக் கிணற்றிலும் தப்பாது. விளிம்பில் ஒரே அடையாளத்திலிருந்து கயிற்றை அளங்கள், அதுவும் மோட்டார் போடும் முன். ஒருநாள் பக்கத்து வயலில் மோட்டார் ஓடும்போது அளந்துவிட்டு, ஒரே ராத்திரியில் ஆறு அடி இறங்கிவிட்டதென்று வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தினேன். இப்போது அதற்கென்று நோட்டில் தனிக் கட்டம் உண்டு: 'பக்கத்து மோட்டார்: ஓடுது / ஓடல'.