பாரிஸில் இருவர் மட்டும் கல்யாணம்: வெளியில் இடம் பார்ப்பது எப்படி?

'எலோப்மென்ட்' என்று வீட்டில் சொன்னால் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்வது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இப்போது அந்தச் சொல் வேறு பொருளிலும் புழங்குகிறது. மண்டபம் இல்லை, பந்தி இல்லை, ஐந்நூறு பேர் இல்லை. இருவரும், வேண்டுமானால் நெருக்கமான நாலைந்து பேரும் ஓர் இடத்தில் நின்று, மாலை மாற்றி, மோதிரம் போட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்வது. பெற்றவர்களுக்குத் தெரிந்தே, பல நேரம் அவர்கள் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. நமக்கு இது அப்படியொன்றும் அந்நியமும் இல்லை. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணத்தைத் தமிழ்நாடு 1967-இலேயே சட்டத்திருத்தம் கொண்டுவந்து ஏற்றுக்கொண்டது.

நான் பாரிஸில் வசிக்கிறேன். இப்படி வரும் ஜோடிகளுக்குச் சில ஆண்டுகளாக இடம் பார்த்துக் கொடுக்கிறேன், படமும் எடுக்கிறேன். எல்லோரும் ஈஃபில் கோபுரம் பின்னால் தெரிகிற பத்துப் படங்களைப் போனில் சேமித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அந்த இடத்தில் நின்று பேசினால் எதிரில் நிற்பவருக்குக் காது கேட்குமா என்பதைப் படம் சொல்லாது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முதல் படி: பதிவை ஊரிலேயே முடித்துவிடுங்கள்

பிரான்ஸில் சட்டம் ஏற்கும் கல்யாணம் 'மெரி' என்று இங்கே சொல்லும் நகரமன்றத்தில் மட்டுமே நடக்கும். மணமக்களில் ஒருவரோ, அவர்களுடைய பெற்றோரில் ஒருவரோ அந்த எல்லைக்குள் குறைந்தது ஒரு மாதமாவது குடியிருந்திருக்க வேண்டும். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்கு அது ஆகாத காரியம். ஆகவே பதிவை உங்கள் ஊரில் செய்துவிட்டு வாருங்கள். இந்தியாவில் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அதையும் சேர்த்து நாள் கணக்குப் போடுங்கள். தேவாலயத்தில் ஆசி வாங்க நினைப்பவர்களிடமும் பதிவுச் சான்றைத்தான் முதலில் கேட்பார்கள். பதிவுத் திருமணம் முடியாமல் மதச் சடங்கை நடத்தி வைப்பதை இங்குள்ள சட்டம் அனுமதிப்பதில்லை.

இதைக் கேட்டதும் சிலர் முகம் வாடிப்போகிறது. வாட வேண்டாம். கையெழுத்துப் போடும் நாள் ஒன்று, மாலை மாற்றும் நாள் இன்னொன்று. இரண்டாவது நாளை எங்கே, எத்தனை மணிக்கு என்று முடிவு செய்வது நீங்கள் மட்டும்தான்.

இரண்டாம் படி: இடத்துக்கு முன்னால் நேரம்

கூட்டம் இல்லாத பாரிஸ் விடியற்காலையில் மட்டுமே கிடைக்கும். எட்டரை, ஒன்பதுக்கெல்லாம் பெயர் பெற்ற எல்லா இடங்களும் நிரம்பிவிடும். அதனால் சூரிய உதயத்தை மையமாக வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

இங்கே நம் ஊர் மாதிரி ஆண்டு முழுக்க ஆறு மணி விடியல் கிடையாது. ஜூன் கடைசியில் காலை 5.50 வாக்கிலேயே சூரியன் வந்துவிடும், இரவு பத்து மணி வாக்கில்தான் மறையும். டிசம்பர் கடைசியில் காலை 8.40 தாண்டித்தான் உதயம், மாலை ஐந்து வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும்.

புதிதாகத் திட்டமிடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பாரிஸின் பூங்காக்கள் பெரும்பாலும் பூட்டுப் போட்ட கதவுக்குள் இருக்கின்றன. நகராட்சியின் சின்னப் பூங்காக்கள் பல காலை 8 மணிக்கும், வார இறுதியில் 9 மணிக்கும் திறக்கின்றன. லுக்சம்பூர்க் தோட்டம் பருவத்தைப் பொறுத்து 7.30-க்கும் 8.15-க்கும் இடையில் திறக்கும். ஆக, ஜூன் மாத விடியலில் பூங்காவில் கல்யாணம் என்பது பெரும்பாலும் நடக்காது. அந்த நேரத்துக்குக் கதவே இல்லாத இடங்கள்தான் தோது: பாலங்கள், நதிக்கரை, சதுக்கங்கள். குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். சூரியனே தாமதமாக வருவதால் தோட்டத்தின் கதவும் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாகத் திறக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வருகிறவர்களுக்கு நான் தோட்டங்களைச் சொல்வது இதனால்தான். கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்க மனம் இருந்தால் போதும்.

மூன்றாம் படி: மூன்றே மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

இருபது இடம் எழுதினால் இருபதும் குழம்பும். ஆளுக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று, அவ்வளவு போதும். தேர்ந்தெடுக்கும்போது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். ட்ரோகாடெரோ மேடையிலிருந்து பார்த்தால் ஈஃபில் கோபுரம் தென்கிழக்கில் இருக்கிறது. எனவே காலையில், அதிலும் குளிர்காலத்தில், சூரியன் கோபுரத்தின் பக்கமிருந்தே வரும், கோபுரம் கரிய நிழலாகத்தான் தெரியும். சிலருக்கு அது பிடிக்கும். மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தில் நின்றால் கோபுரம் மேற்கே இருக்கும், காலை வெயில் நேராக அதன்மேல் விழும். 1900-இல் கட்டிய பாலம் அது. தங்கப் பூச்சுச் சிலைகளும் வரிசையான விளக்குத் தூண்களும் உள்ளதால் தனி அலங்காரமே தேவையில்லை. ஆனால் வண்டி ஓடும் பாலம், அதை நினைவில் வையுங்கள்.

மொன்மார்த்ர் குன்றில் அப்ரெவுவார் தெரு வார நாள் விடியலில் மிக அழகு. அங்கே அபெஸ் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய சின்னப் பூங்காவில் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்ற வாசகத்தை 612 நீல ஓடுகளில் 250 மொழிகளில் எழுதிய சுவர் உண்டு. படம் எடுக்கப் போகலாம், சடங்குக்கு வேண்டாம். பின்னால் எப்போதும் நாலு பேர் முறைக்குக் காத்திருப்பார்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லும் இடம் ஒன்று உண்டு: செய்ன் நதியின் நடுவே உள்ள சிட்டே தீவின் மேற்கு நுனியில் இருக்கும் வெர்-கலான் பூங்கா. போன் நெஃப் பாலத்தின் நடுவே பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை இருக்கிறது. 'புதுப் பாலம்' என்று பெயர், ஆனால் 1607-இல் முடிந்த அதுதான் இன்று நகரில் நிற்பவற்றுள் பழைய பாலம். சிலைக்குப் பின்னால் படிக்கட்டு கீழே இறங்குகிறது. கல்லைக் கால்கள் தேய்த்துத் தேய்த்து நடுவில் குழிந்திருக்கும், பனி நாளில் வழுக்கும், புடவை கட்டியவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இறங்க இறங்க நகரத்தின் சத்தம் தலைக்கு மேலே போய்விடும். தீவின் பழைய தரைமட்டம் அது, மேலே இருக்கும் தெருவைவிட ஏறக்குறைய ஏழு மீட்டர் தாழ்வு. நுனிவரை நடந்தால் நதி இரண்டு பக்கமும் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு வில்லோ மரம் தண்ணீரை நோக்கித் தாழ்ந்து நிற்கும். சுற்றுலாப் படகுகள் ஓடத் தொடங்காத நேரமென்றால் கரைக்கல்லில் தண்ணீர் தட்டும் ஒலி மட்டும்தான். பூங்காக் கதவின் நேரத்தை முன்னதாகப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நான்காம் படி: காதுச் சோதனை

எந்த இடமானாலும் இதைச் செய்யாமல் முடிவு எடுக்காதீர்கள். இருவரும் ஒரு கை தூரத்தில் நின்று, வீட்டில் பேசும் குரலிலேயே இரண்டு நிமிடம் பேசுங்கள். ஒரு தடவையாவது "என்ன சொன்ன?" என்று கேட்க வேண்டி வந்தால் அந்த இடம் படத்துக்கு மட்டும்.

பிர்-ஆக்கேம் பாலத்தில் இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1905-இல் முடிந்த இரும்புப் பாலம். மேல் தட்டில் ஆறாம் எண் மெட்ரோ, கீழே வரிசை வரிசையாக இரும்புத் தூண்கள், ஓரத்தில் ஈஃபில் கோபுரம். கண்ணுக்கு அவ்வளவு நிறைவான இடம். மதுரையிலிருந்து வந்த பெண் எழுதிவைத்த தாளைப் பிரித்து இரண்டாவது வரிக்கு வந்ததும் தலைக்கு மேல் ரயில் போனது. தூண்களெல்லாம் அதிர்ந்தன. நின்று, மறுபடி தொடங்கி, அடுத்த ரயில். போனில் அவருடைய அம்மா, "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா, ஒண்ணும் கேக்கல" என்றார். அந்தப் பெண் கத்திச் சொல்ல வேண்டிய வரிகளா அவை? பாலத்தின் நடுவிலிருந்து படியிறங்கினால் அன்னத் தீவு என்ற நீளமான நடைபாதை வரும், இருபக்கமும் மரங்கள். அங்கே அழைத்துக்கொண்டுபோய் முதலிலிருந்து சொல்ல வைத்தேன். படம் பாலத்தில், பேச்சு தீவில் என்று அன்றுமுதல் இரண்டையும் பிரித்தே திட்டமிடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யலாம். ஒரே இடம் இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

ஐந்தாம் படி: அனுமதி

தெருவிலோ பாலத்திலோ இருவர் நின்று மாலை மாற்ற, ஒருவர் கையில் கேமராவோடு படம் எடுக்க, பொதுவாக யாரும் தடுப்பதில்லை. நாற்காலி, பூவளைவு, ஒலிபெருக்கி, வழியை மறிக்கும் ட்ரைபாட் என்று சேர்க்கச் சேர்க்க அனுமதி கேட்க வேண்டிய காரியமாகிவிடும். யாரிடம் கேட்பது என்பது நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. லுக்சம்பூர்க் தோட்டம் பிரெஞ்சு செனட்டுக்குச் சொந்தம். துய்லரி தோட்டம் லூவ்ர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளது. பலே ருவாயால் தோட்டத்தைத் தேசிய நினைவுச்சின்னங்களின் நிர்வாகம் பார்க்கிறது. சாதாரணப் பூங்காக்களுக்கு மாநகராட்சி. தொழில்முறைப் படக்காரரை அழைத்து வருகிறீர்கள் என்றால் பல வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரோன் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். பாரிஸ் வானில் தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது குற்றம். இரவில் ஒளிரும் ஈஃபில் கோபுரத்தின் விளக்கமைப்புக்குக் காப்புரிமை உண்டு. உங்கள் ஆல்பத்துக்குப் பிரச்சினை இல்லை, படக்காரர் வணிகத்துக்குப் பயன்படுத்துவதானால் அவர்தான் அனுமதி வாங்க வேண்டும். பாலத்துக் கம்பியில் பூட்டு மாட்டும் பழக்கத்தையும் தயவுசெய்து தொடராதீர்கள். கலைப் பாலத்தில் அந்தப் பாரம் தாங்காமல் 2014-இல் கைப்பிடிச் சட்டத்தின் ஒரு பகுதி விழுந்தது. மறு ஆண்டு ஏறக்குறைய 45 டன் பூட்டுகளை அகற்றினார்கள்.

ஆறாம் படி: ஒத்திகை

முதல் நாள் மாலையில் போய்ப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று திரும்புவது ஒத்திகை ஆகாது. அதே மணிக்குப் போக வேண்டும், முடிந்தால் அதே கிழமையில். செவ்வாய்க்கிழமை விடியலில் குப்பை வண்டி நிற்கும் தெரு ஞாயிறு விடியலில் வெறிச்சோடிக் கிடக்கும். ஏப்ரலில் மாரத்தான் ஓட்டம், ஜூலை 14 தேசிய விழா, ஜூலை இறுதியில் சைக்கிள் பந்தயத்தின் கடைசிச் சுற்று ஆகிய நாட்களில் நடுநகரத்தில் பல வழிகளை அடைத்துவிடுவார்கள். அந்தத் தேதிகளைத் தவிருங்கள்.

தங்கும் இடத்திலிருந்து எப்படிப் போவது என்றும் அப்போதே நடந்து பாருங்கள். முதல் மெட்ரோ ஐந்தரை மணி வாக்கில்தான் கிளம்பும். ஜூன் உதயத்துக்கு அது போதாது. நடந்துபோகும் தூரத்தில் அறை எடுப்பது நல்லது, இல்லையென்றால் முதல் நாளே டாக்சி சொல்லிவைக்க வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்பு கல் பாவிய தெருவில் நிற்காது. அதைப் பையில் வைத்துக்கொண்டு தட்டைச் செருப்பில் நடங்கள்.

ஏழாம் படி: மழைக்கும் வெள்ளத்துக்கும் மாற்று

கூரையுள்ள மாற்று இடம் ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பலே ருவாயாலின் தூண் தாழ்வாரங்கள், 1612-இல் திறந்த வோஷ் சதுக்கத்தின் வளைவுத் தாழ்வாரங்கள் இரண்டுமே மழையில் இன்னும் அழகு. பேச்சும் தெளிவாகக் கேட்கும். நதிக்கரையைத் தேர்ந்தவர்கள் நதியின் நீர்மட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2016 ஜூனிலும் 2018 ஜனவரியிலும் செய்ன் பெருகியபோது நான் மேலே புகழ்ந்த வெர்-கலான் நுனி தண்ணீருக்குள் இருந்தது.

எட்டாம் படி: மாலையும் அழைப்பும்

மாலைக்கு லாச்சப்பல் போங்கள். வடக்கு ரயில் நிலையத்தை அடுத்த அந்தப் பகுதி ஈழத்தமிழர் கடைகளால் நிறைந்தது. தாலிக்கயிறு, குங்குமம், மல்லிகை, கல்யாண மாலை எல்லாம் அங்கே கிடைக்கும். இரண்டு நாள் முன்னால் சொல்லிவைத்து, முந்தின நாள் மாலையில் வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். பூவிதழ் தூவுகிறவர்கள் ஒரு துணியை விரித்து அதன்மேல் தூவி, முடிந்ததும் சுருட்டி எடுத்து வந்துவிடுங்கள். பொது இடத்தில் குப்பை போட்டால் 135 யூரோ அபராதம்.

வீடியோ அழைப்பில் வீட்டாரைச் சேர்ப்பதானால் ஒயர் வைத்த சின்ன மைக் ஒன்றைச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள், நதிக்காற்று போனின் மைக்கை அடைத்துவிடும். கோடையில் இந்திய நேரம் மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். இங்கே ஜூன் மாத விடியல் ஆறு மணி என்றால் அங்கே காலை ஒன்பதரை. அம்மா குளித்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, போனைக் குத்துவிளக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருப்பார்.