ஊர்ப்பெயரிலிருந்து வெண்பா வரை: செய்யுளைச் செவியாற் படிக்கும் முறை

செய்யுளின் உறுப்புகளைக் கற்க விரும்பும் பலர், யாப்பிலக்கண நூலைத் திறந்ததும் தளை, தொடை என்று பெருகும் பெயர்களைக் கண்டு அதை மூடிவிடுகிறார்கள். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்ற ஆறும் ஓசையைப் பற்றியவையே. ஆகையால் அவற்றை மனனம் செய்வதற்கு முன் வாயாற் சொல்லிப் பழகுவதே நல்ல வழி. அதற்கு யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்களே போதும்.

முதலில் சொல்லை அசைகளாக, அதாவது ஓசைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். குறிலை அடுத்து மெய்யல்லாத எழுத்து வந்தால் அவ்விரண்டும் சேர்ந்து நிரையசை ஆகும். நெடில் தனித்தே நேரசை. குறிலை அடுத்து மெய் வந்தாலும், ஈற்றிற் குறில் தனித்து நின்றாலும் அதுவும் நேரசையே. மெய்யெழுத்து தனக்கு முன்னுள்ள அசையோடு ஒட்டிக்கொள்ளும். அசைகள் சேர்ந்தது சீர். தேமா, கூவிளம் போன்றவை சீரின் அமைப்பைச் சொல்லும் வாய்பாடுகள்; மாவில் முடிவது மாச்சீர், விளத்தில் முடிவது விளச்சீர். நல்லூர் என்பது நல்–லூர்: நேர் நேர், தேமா. நவாலி என்பது நவா–லி: நிரை நேர், புளிமா. உரும்பிராய் நிரை நிரையாகக் கருவிளம். நாவலர் என்பது நேர் நிரையாகக் கூவிளம். மூன்று அசை வந்து, ஈற்றசை நேரானால் காய்ச்சீர், நிரையானால் கனிச்சீர். யாழ்ப்பாணம் தேமாங்காய், அளவெட்டி புளிமாங்காய், பருத்தித்துறை புளிமாங்கனி. வெண்பாவிற் கனிச்சீருக்கு இடமில்லை என்பதால், பருத்தித்துறையை வெண்பாவிற் பாடுபவர் அப்பெயரை இரண்டு சீர்களுக்குப் பங்கிட வேண்டியிருக்கும். இனிப்புக்குப் பேர்போன மாம்பழமான கறுத்தக் கொழும்பானின் பெயரைப் பிரித்தால் இரண்டு சீரும் புளிமாவாக வருவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். அந்த வாய்பாடு அவர்களுக்குப் பிறகு மறக்காது.

சீரும் சீரும் சேரும் இடமே தளை. விளக்கத்துக்காக நான் கட்டிய குறள் வெண்பா ஒன்றைத் தருகிறேன்:

பனையின் நிழலிற் படுத்துறங்கும் காற்றே
நினைவில் வருவாய் நிதம்.

வெண்பாவுக்கு மூன்று விதிகள்: மாச்சீருக்குப் பின் நிரை வரவேண்டும், விளச்சீருக்குப் பின்னும் காய்ச்சீருக்குப் பின்னும் நேர் வரவேண்டும். ‘பனையின்’, ‘நிழலிற்’ இரண்டும் புளிமா. ஆகவே அவற்றுக்கு அடுத்த சீர்கள் நிரையிலே தொடங்குகின்றன. ‘படுத்துறங்கும்’ கருவிளங்காய், அதனால் ‘காற்றே’ நேரிலே தொடங்குகிறது. ஈற்றுச் சீரான ‘நிதம்’ ஒரே நிரையசையாக, மலர் என்ற வாய்பாட்டில் முடிகிறது. இனி ‘வருவாய்’ என்பதை எடுத்துவிட்டு ‘தோன்றும்’ என்று வைத்து உரக்கப் படியுங்கள். ‘நினைவில் தோன்றும்’ என்னுமிடத்தில் மாவின் பின் நேர் வந்து, வெண்பாவின் தளை முறிந்து, ஆசிரியப்பா என்ற வேறு பாவுக்குரிய ஆசிரியத்தளை நுழைந்துவிடுகிறது. அந்த முறிவைக் காது தானாகக் கண்டுபிடிக்கும்வரை இப்பயிற்சியை விடாமற் செய்ய வேண்டும். நூலறிவு எவ்வளவு இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

தொடை இதைவிட எளிது. மேலுள்ள பாடலில் ‘பனை’, ‘நினை’ என இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. அதற்கு முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். ‘பனையின்’, ‘படுத்துறங்கும்’ என முதலெழுத்து ஒன்றுவது மோனை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டின் முதலிரண்டு அடிகளும் ஆகாரத்தில் தொடங்குவதை, சிறுவயதில் அதைப் பாடியவர்கள் உடனே நினைவுகூர்வார்கள். அடிகளின் ஈறு ஒத்து வருவது இயைபு.

பொருளணிகளை ஒரு பனையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ‘பனைபோல் நிமிர்ந்து நின்றார்’ என்றால் உவமை. ‘எங்கள் வீட்டுப் பனை சாய்ந்தது’ என்று தந்தையின் மறைவைச் சொன்னால், உவமிக்கப்படும் பொருளை வெளிப்படையாகக் கூறாமையால் அது பிறிதுமொழிதல். காற்றில் ஓலை சலசலப்பது இயல்பு. கடல் கடந்துபோன பிள்ளையைக் கூப்பிடவே அது சலசலக்கிறது என்று பாடினால் தற்குறிப்பேற்றம். இம்மூன்றினுள் கடைசியானதே மனத்தை ஆழமாகத் தொடுவது என்பது என் கருத்து.

பா வகைகள் நான்கு: செப்பலோசை உடைய வெண்பா, அகவலோசை உடைய ஆசிரியப்பா, துள்ளலோசை உடைய கலிப்பா, தூங்கலோசை உடைய வஞ்சிப்பா. பிற்காலத்தில் மிகுதியாகக் கையாளப்பட்டது விருத்தம். அதில் அளவொத்த நான்கு அடிகள் வரும். நான்கும் ஒரே எதுகையில் அமையும். கோயிலில் ஒருவர் தாளமில்லாமல் விருத்தம் பாடும்போது அருகிலிருந்து கேளுங்கள். ஒவ்வோர் அடியிலும் எதுகைச் சொல் வந்து விழும் இடத்தை விரலால் எண்ணிக்கொண்டு வந்தால், பாடலின் அமைப்பு ஏட்டைப் பாராமலே புலப்படும். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் தொடக்கமாவது அந்தாதி. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கல்வளை அந்தாதி அவ்வகையைச் சேர்ந்தது.

புதுக்கவிதை மட்டும் படித்துப் பழகியவர்கள், மஹாகவி என்ற பெயரில் எழுதிய அளவெட்டி உருத்திரமூர்த்தியின் (1927–1971) கவிதைகளிலிருந்து தொடங்குவது நல்லது. அன்றாடப் பேச்சின் ஓசையை யாப்புக்குள் கொண்டுவந்தவர் அவர். அவருடைய ஒரு கவிதையை முதலிற் பேசுவதுபோலப் படியுங்கள்; பிறகு பென்சிலை எடுத்து அசை பிரித்துப் பாருங்கள்.