கார் ஷெட் கூரைக்கடியில் ஒரு பரண்

எங்கள் கார் ஷெட் 10-க்கு 18 அடி. மேலே தகர ஷீட். காருக்கு 7 அடி உயரம் போதும். அதற்கு மேல் உச்சி வரை 4 அடி சும்மா கிடந்தது.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கூரை ட்ரஸ்ஸிலிருந்தே கம்பி கட்டித் தொங்கவிட்டு, 12 மி.மீ. பிளைவுட் போட்டேன். அம்மாவின் பித்தளை அண்டாவும் உருளியும் ஏறிய மறுவாரமே பலகை நடுவில் தொப்பை போட்டுவிட்டது. அடுத்த மழைக்கு ஷீட் போல்ட் ஓரமாக ஒழுகல் வேறு. ஷீட்டைத் தாங்கப் போட்ட ட்ரஸ், அண்டாவையுமா தாங்கும்?

எல்லாவற்றையும் இறக்கினேன். வெல்டர் அண்ணன் இரண்டு பக்கச் சுவரிலும் நீளவாக்கில் ஆங்கிள் (L வடிவ இரும்புச் சட்டம்) வைத்து, சுவருக்குள் இறுகிப் பிடிக்கும் ஆங்கர் போல்ட் முடுக்கினார். 9 இன்ச் செங்கல் சுவர் என்பதால்தான் துணிந்தோம். நாலரை இன்ச் சுவரென்றால் தொட்டிருக்கவே மாட்டேன். ஆங்கிள் மேல் குறுக்கே 3-க்கு 1.5 இன்ச் செவ்வக ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகள், 3 இன்ச் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி. படுக்க வைத்தால் வளையும். 16 இன்ச்சுக்கு ஒரு பைப் என்று கணக்கு வைத்தால், 8 அடிப் பலகையின் முனை சரியாக ஒரு பைப்பின் நடுவில் வந்து உட்காரும். பலகை இந்த முறை 18 மி.மீ. எலிக்கு ஓரமெல்லாம் கம்பிவலை.

சித்திரை வெயிலில் ஷீட்டுக்கடியில் அனல் அடிக்கும். தெரியாமல் ஏற்றிய கல்யாண ஆல்பத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வீட்டில் இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. பெயிண்ட், தின்னரை அந்த அனலில் ஏற்றவே இல்லை.

ஒரு குறை மட்டும்: காரை வெளியே எடுத்தால்தான் ஏணி வைக்க முடியும்.